அடிபட்ட ஆளை முதல் மூணு நாள் மறைச்சு வெக்காதீங்க: கட்டுமானக் கம்பெனி டைரக்டர்களுக்கும் இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ல கட்டுமானம், கப்பல் பட்டறை, ஃபேக்டரி நடத்துற கம்பெனிகளோட டைரக்டர்களுக்கும், அங்க இருக்குற எச்ஆர், சேஃப்டி மேனேஜர்களுக்கும், அவங்களுக்கு பாலிசி போட்டுக் குடுக்குற இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும்,

நேரா விஷயத்துக்கு வர்றேன். ஒரு சைட் ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்த நோட்டீஸை ஒரு ஊழியர் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பியிருந்தாரு. தமிழ்லயும் பெங்காலிலயும் அடிச்சிருக்கு. அடிபட்டா முதல்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், அவர் சொல்லாம ஆம்புலன்ஸ் கூப்பிடக் கூடாது, கம்பெனி காட்டுற கிளினிக்குக்கு மட்டும்தான் போகணும், லாயர்கிட்டயோ வெளியாளுங்ககிட்டயோ போறவங்களுக்கு வேலை பர்மிட் ரினியூ ஆகாது. இவ்வளவுதான் நோட்டீஸ். கீழ மேனேஜர் கையெழுத்து, கம்பெனி முத்திரை. யாரோ கோபத்துல வாய் தவறிச் சொன்னது இல்ல இது, உக்காந்து யோசிச்சு டைப் அடிச்சு, ஆள் வெச்சு மொழிபெயர்த்து, லாமினேட் போட்டு ஒட்டியிருக்காங்க.

அந்தக் கம்பெனி பேரை இங்க எழுதல. எழுதினா இது ஒரு கம்பெனியோட தப்புன்னு ஆயிடும், மத்தவங்க எல்லாரும் நம்மளச் சொல்லலன்னு போயிடுவீங்க. அந்த நோட்டீஸ்ல இருக்குறதை எழுதாமலே வாயால சொல்ற கம்பெனிங்க எத்தனைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அங்க அடிபட்டவங்கதான் என் ஆபீஸ்ல வந்து உக்கார்றாங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலைதான் பாக்குறேன். வேலையிடத்துல அடிபட்டவங்களுக்காக, செத்துப் போனவங்களோட குடும்பத்துக்காக கேஸ் நடத்துற லாயர். விரல் போனவங்க, முதுகெலும்பு உடைஞ்சவங்க, கண்ணுல கெமிக்கல் தெறிச்சவங்க, லாரியில இருந்து விழுந்தவங்கன்னு வந்துக்கிட்டே இருக்காங்க. முக்காவாசிப் பேர் நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைங்களும் பங்களாதேஷ்காரங்களும். எதிர்ப்பக்கம் கோர்ட்ல உக்கார்றது உங்க பேர்ல இன்சூரன்ஸ் கம்பெனி வெச்ச லாயருங்க, அவங்க மேல எனக்குத் தனிப்பட்ட வருத்தம் ஒண்ணும் இல்ல, அவங்க வேலையை அவங்க பாக்குறாங்க. இத்தனை வருஷத்துல நான் புரிஞ்சுக்கிட்ட ஒரு விஷயத்தைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். கேஸ் ஜெயிக்குறதும் தோக்குறதும் கோர்ட்ல நாங்க பேசுற பேச்சுல இல்ல. விபத்து நடந்து முதல் ரெண்டு மூணு நாள்ல நீங்க என்ன பண்றீங்கன்றதுலதான் இருக்கு. அந்த மூணு நாள் அந்த ஆள் உங்க கையில இருக்கான், அவனுக்கு வலி, பயம், பாஷை தெரியாது, படுக்குற எடம் உங்களோடது, பர்மிட் உங்களோடது. அந்த நேரத்துல நீங்க அவன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டதை அப்புறம் எந்த ஜட்ஜாலயும் திருப்பிக் குடுக்க முடியல.

ஒரு கேஸைச் சொல்றேன், ஆள் யாருன்னு தெரியாதபடி கொஞ்சம் மாத்தித்தான் சொல்றேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, ஃபார்ம்வொர்க் கார்பெண்டர், அதாவது கான்கிரீட் ஊத்துறதுக்கு அச்சுப் பலகை (பேனல்) அடிக்கிறவர். ஏணியில நின்னுக்கிட்டு பேனல் கழட்டும்போது பேனல் சரிஞ்சு அவரையும் இழுத்துக்கிட்டு கீழ வந்துருச்சு. ஏணியைப் புடிக்க ஆள் இல்ல, பிளாட்ஃபார்ம் போடல, ஹார்னஸ் (பாதுகாப்பு பெல்ட்) மாட்ட மேல ஒரு கொக்கி கூட கெடையாது. இடுப்பு அசைக்க முடியல. ஆம்புலன்ஸ் நம்பர் 995க்கு யாரும் அடிக்கல. கம்பெனி வேன்ல பின் சீட்டுல படுக்க வெச்சு, பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது அதைத் தாண்டி, தீவோட இன்னொரு பக்கம் இருக்குற ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர்கிட்ட சூப்பர்வைசர்தான் பேசினாரு, தம்பிக்கு இங்கிலீஷ் வராது. ரூம்ல வழுக்கி விழுந்தான்னு சொல்லியிருக்காரு. வலி மாத்திரை, ரெண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு), அப்புறம் லைட் டியூட்டி, அதாவது லேசான வேலை. அன்னைக்கே சாயங்காலம் ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருக்காங்க, என்ன பேப்பர்னு கேட்டதுக்கு இன்சூரன்ஸ்னு சொல்லியிருக்காங்க. அது என் கைக்கு ரொம்ப நாள் கழிச்சு வந்துச்சு. "என் கவனக்குறைவால் விழுந்தேன், கம்பெனி மீது தவறு இல்லை"ன்னு இருந்துச்சு.

மூணாவது நாள் அவரை லாரியில ஏத்தி சைட்டுக்கு கொண்டு வந்து ஸ்டோர்ல ஒரு நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க, அதுதான் லைட் டியூட்டி. முதுகெலும்பு உடைஞ்ச ஆள் லாரிப் பலகையில உக்காந்து வந்திருக்காரு. ராத்திரி ரூம் ஆளுங்க ரெண்டு பேர் பொறுக்க முடியாம டாக்ஸி புடிச்சு பொது மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தப்போதான் முறிவே தெரிஞ்சுது. அதுக்குள்ள சைட்ல அந்த மாடிக்கு கான்கிரீட் ஊத்தி முடிச்சாச்சு, ஏணி போன எடம் தெரியல, மூணு பேர்கிட்ட சாட்சி எழுதி வாங்கியாச்சு, மூணும் ஒரே வாசகம், எழுத்துப் பிழை கூட ஒரே எடத்துல.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தப்போ கம்பெனி பெரிய ஃபைல் தாக்கல் பண்ணாங்க. ரிஸ்க் அசெஸ்மென்ட், டிரெய்னிங் ரெக்கார்ட், தினம் காலையில வேலைக்கு முன்னாடி பாதுகாப்பைப் பத்திப் பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங் ஷீட், எல்லாத்துலயும் தம்பி கையெழுத்து. பேப்பர்ல பாத்தா சிங்கப்பூர்லயே சிறந்த சைட் அதுதான். நான் ஒவ்வொரு ஷீட்டா தேதி பாத்துக்கிட்டே போனேன். அவர் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்த வாரத்துலயும் தினம் காலையில எட்டு மணிக்கு டூல்பாக்ஸ் மீட்டிங்ல அவர் கையெழுத்துப் போட்டிருந்தாரு. சேஃப்டி சூப்பர்வைசரை சாட்சிக் கூண்டுல வெச்சு அந்த ஷீட்டை கையில குடுத்து, இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு கேட்டேன். தண்ணி வேணும்னாரு. குடிச்சாரு. அப்புறமும் பதில் வரல. அன்னைக்கு மத்தியானமே செட்டில்மென்ட் பேச வந்துட்டாங்க.

நல்லா முடிஞ்ச கதைன்னு நினைப்பீங்க. அந்த ஷீட் மட்டும் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பொய் எழுதினவங்க தேதி பாக்காம விட்டதாலதான் அந்தத் தம்பிக்கு நியாயம் கெடைச்சுது. தேதி பாத்து ஒழுங்கா எழுதின கம்பெனிகளோட கேஸ்ங்க என்கிட்ட நிறைய இருக்கு, அந்த ஆளுங்க வெறுங்கையோட ஊருக்குப் போயிட்டாங்க.

சட்டம் உங்களுக்குத் தெரியாம இல்ல, இருந்தாலும் படிக்குற ஊழியர்களுக்காக சொல்லிடறேன். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, 2019ல புதுசா எழுதி 2020 செப்டம்பர் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல யார் தப்புன்னே பாக்குறது இல்ல, வேலையில அடிபட்டாலே இழப்பீடு உண்டு. ஆனா அதுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. 2025 நவம்பர் 1ல இருந்து மரணத்துக்கு அதிகபட்சம் 269,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), முழு நிரந்தர ஊனத்துக்கு 346,000 வெள்ளி, மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரைக்கும் இல்ல ஒரு வருஷம் வரைக்கும். முழு ஊனம் இல்லன்னா டாக்டர் போடுற விழுக்காடு, நம்ம ஆளுங்க பாயிண்ட்னு சொல்வாங்களே அது, அதோட அவர் வயசும் சம்பளமும் சேத்து கணக்குப் போடுவாங்க. இது ஒரு வழி. இன்னொரு வழி சிவில் கேஸ். அதுல உச்சவரம்பு கெடையாது, ஆனா கம்பெனி கவனக்குறைவா இருந்துச்சுன்னு ஊழியர்தான் நிரூபிக்கணும். ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும். முதல் வழிக்கு ஒரு வருஷத்துக்குள்ள கிளெய்ம் போடணும், சிவில் கேஸுக்கு மூணு வருஷம் டைம்.

இப்ப அந்த நோட்டீஸை இந்த ரெண்டு வழியோட வெச்சுப் பாருங்க. 995 அடிச்சா எங்க, எத்தனை மணிக்கு, எப்படின்னு ஒரு ரெக்கார்ட் உண்டாகும், அதனாலதான் ஆம்புலன்ஸ் வேணாம். பொது மருத்துவமனைக்குப் போனா அங்க டாக்டர் ஊழியரையே கேட்டு எழுதுவாரு, அதனாலதான் கம்பெனி கிளினிக். லாயர்கிட்ட வந்தா முதல் வேலையா நான் சைட் போட்டோ, சிசிடிவி எல்லாத்தையும் அழிக்காம வெக்கச் சொல்லி லெட்டர் போடுவேன், அதனாலதான் பர்மிட் மிரட்டல். அந்த நாலு வரியும் சேஃப்டிக்காக எழுதினது இல்ல. சாட்சியம் உண்டாகாம இருக்குறதுக்காக எழுதினது, இதை நான் கோர்ட்ல சொல்ற மாதிரியே பொறுப்போட சொல்றேன்.

2016ல ஹைகோர்ட்ல மூணு ஜட்ஜ் உக்காந்து ஒரு தீர்ப்பு குடுத்தாங்க, நீங்க படிச்சிருக்கணும். சைட்ல விழுந்து கை எலும்பு முறிஞ்ச ஒரு கட்டுமான ஊழியர், ஆபரேஷன் பண்ண டாக்டர் அவருக்கு ரெண்டே நாள் எம்சி குடுத்து அப்புறம் லைட் டியூட்டின்னு எழுதிட்டாரு. சைட்ல அவருக்கு ஏத்த லைட் டியூட்டி இருக்கான்னு கூட சரியா விசாரிக்கல. முதல்ல ஒழுங்கு விசாரணையில அந்த டாக்டர் தப்பிச்சாரு, மருத்துவ மன்றம் அப்பீல் போச்சு, கோர்ட் ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணிச்சு. அப்போ ஏன் ரெண்டு நாள் எம்சி அவ்வளவு முக்கியமா இருந்துச்சுன்னா, மூணு நாளுக்கு மேல எம்சி வந்தாத்தான் கம்பெனி மனிதவள அமைச்சுக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு அப்போ விதி இருந்துச்சு. அந்த ஓட்டையை 2020ல அடைச்சாங்க. இப்ப ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ எது வந்தாலும் ரிப்போர்ட் பண்ணியே ஆகணும்.

அடைச்ச உடனே என்ன ஆச்சு தெரியுமா, இப்ப என்கிட்ட வர்றவங்க சொல்றது வேற. டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போறது இல்ல. ரூம்லயே படு, சம்பளம் போட்டுடறேன், தைலம் தேய்ச்சுக்கோ, ஒரு வாரத்துல சரியாயிடும்ன்றாங்க. எம்சி இல்லன்னா ரிப்போர்ட் இல்ல. சம்பளமும் பேஸிக் மட்டும்தான் வருது, ஓட்டி (ஓவர்டைம்) சேத்து சராசரி மாச வருமானத்தை வெச்சு எம்சி சம்பளம் குடுக்கணும்ன்ற பேச்சே கெடையாது. ஓட்டி இல்லாம வெறும் பேஸிக்ல ஊருக்கு என்னத்த அனுப்புறது? அதனால அவனே வலியோட வேலைக்கு வந்துடறான். அப்புறம் ஆறு மாசம் கழிச்சு முதுகு சுத்தமா முடியாம போயி கிளெய்ம் போட்டா, இன்சூரன்ஸ் பக்கத்துல இருந்து ஒரே பதில்தான் வரும். விபத்து நடந்ததுக்கு ஆதாரம் இல்ல, இது வயசானா வர்ற தேய்மானம். ஆளுக்கு இருபத்தெட்டு வயசு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்களே, இந்த எடத்துல உங்ககிட்டதான் பேசுறேன். கிளெய்ம் நடக்கும்போது ஊழியர் ஸ்பெஷல் பாஸ்ல, அதாவது இங்க தங்க மட்டும் குடுக்குற தற்காலிக அனுமதியில இருப்பாரு, அதுல வேலை செய்ய முடியாது. அவர் ஊருக்குப் பணம் அனுப்பி எத்தனையோ மாசம் ஆயிருக்கும். ஏஜெண்டுக்குக் கட்டின காசுக்கு வட்டி ஓடிக்கிட்டு இருக்கும், பொண்டாட்டி தாலியைத் தவிர மத்ததெல்லாம் அடகுல இருக்கும். அந்த நேரத்துல அவர் சாப்பாடும் தங்குற எடமும் கம்பெனி பொறுப்புன்னு விதி தெளிவா இருக்கு, இருந்தும் ராத்திரி டாமை (ஊழியர் விடுதியை) விட்டு வெளிய அனுப்பிட்டாங்கன்னு தேக்கால (லிட்டில் இந்தியாவுல) இருந்து எனக்கு போன் வரும். அந்தப் பக்கம் கஃப் ரோடு பேர்ல தொண்டூழியர்கள் இலவச சாப்பாடு போடுறாங்க, 2008ல இருந்து அது நடக்குது, அங்க வரிசையில நிக்கிறவங்கள்ல பாதிப் பேர் கையில கட்டோ இடுப்புல பெல்ட்டோ போட்டிருப்பாங்க. நீங்க அந்த வரிசையை நேர்ல வந்து பாக்கணும். ஏன்னா நீங்க இன்னொரு மெடிக்கல் ரிப்போர்ட் வேணும், இன்னொரு ஸ்பெஷலிஸ்ட் பாக்கணும்னு ஒவ்வொரு தடவை தள்ளிப் போடும்போதும் அந்த வரிசையில ஒரு ஆள் இன்னும் ரெண்டு மாசம் நிக்குறான். கடைசில ரொம்பக் கம்மியா ஒரு தொகை சொல்வீங்க. நான் வேணாம், பொறுங்கன்னு சொல்வேன். அவர், "மேடம், போதும் மேடம், குடுக்குறத வாங்கிட்டு ஊருக்குப் போயிடறேன், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்"னு சொல்வாரு. அவர் சொன்னபடி நான் செய்யணும், அது என் கடமை. இந்த வேலையில என்னால இன்னைக்கு வரைக்கும் தாங்க முடியாதது அந்த செட்டில்மென்ட் ஃபார்மை கையெழுத்துக்கு அவர் முன்னாடி வெக்குறதுதான்.

பெரிய விபத்து நடந்தா நாடே நிமிர்ந்து உக்காரும். 2004 ஏப்ரல் 20ல நிக்கல் ஹைவே இடிஞ்சு விழுந்தப்போ நாலு பேர் போனாங்க, ஒருத்தரோட உடம்பு கடைசி வரைக்கும் கெடைக்கவே இல்ல. முன்னாடியே எச்சரிக்கை அறிகுறிகள் இருந்துச்சு, அதைக் கண்டுக்கலன்னு விசாரணைக் குழு சொல்லிச்சு. அந்த வருஷமே ஃபியூஷனோபொலிஸ் சைட்ல ரெண்டு பேர், கப்பல் பட்டறையில தீப்பிடிச்சு ஏழு பேர். அதுக்கு அப்புறம்தான் 2006ல வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்துச்சு. நான் அப்போ தொழிலுக்குப் புதுசு, இனிமே எல்லாம் மாறிடும்னு நம்பினேன், நிறையவே மாறிச்சு, அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரி 24ல துவாஸ்ல மிக்ஸர் மெஷின் வெடிச்சு மூணு பேர் இறந்தாங்க, ஏழு பேருக்குக் காயம், அதுக்கும் விசாரணைக் குழு உக்காந்துச்சு. அதே வருஷம் ஏப்ரல் 20, நிக்கல் ஹைவே நடந்த அதே தேதி, தீவு விரைவுச்சாலையில ஆளுங்களை ஏத்திட்டுப் போன லாரி நின்னுக்கிட்டு இருந்த டிப்பர் மேல மோதி ரெண்டு பேர் போனாங்க. லாரிப் பின்னாடி ஆள் ஏத்துறதைப் பத்தி நான் தனியா எழுதணும், இங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

2022ல 46 பேர் வேலையிடத்துல செத்தாங்க, 2023ல 36, 2024ல 43. இந்த எண்ணிக்கை பேப்பர்ல வருது, மந்திரிங்க பேசுறாங்க, சைட்டை நிறுத்துறாங்க, 2022 கடைசில டைரக்டர் போர்டுகளுக்குன்னே தனியா நடைமுறைக் கோட்பாடு கொண்டு வந்தாங்க, ஒப்பந்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளியோ அதுக்கு மேலயோ இருக்குற கட்டுமான சைட்ல கேமரா வெக்கணும்னு 2024 ஜூன்ல இருந்து விதி. எல்லாம் சரி. ஆனா ஒரு விரல் போனவனுக்கு எந்த விசாரணைக் குழுவும் உக்காராது. அவனுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல அவனும் பக்கத்துல நின்னவனும்தான், அந்த ரெண்டு பேர் பர்மிட்டும் உங்க கையில.

பக்கத்துல நின்னவனைப் பத்தி ஒரு வார்த்தை. சாட்சி சொல்ல வர்றவங்க எல்லாரும் ஒண்ணு ஏற்கனவே கம்பெனி மாறினவங்க, இல்ல ஊருக்குத் திரும்பிப் போனவங்க. கம்பெனியில இருந்துக்கிட்டே சாட்சி சொன்னவங்களை என் தொழில்ல விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு பெரியவர் மன்னார்குடிக்காரர், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் மேடம், அப்புறம் வந்து உள்ளதைச் சொல்றேன்னாரு, அதே மாதிரி கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரம் வந்தாரு, உள்ளதைச் சொன்னாரு, பர்மிட் ரினியூ ஆகல. அவர் மேல எனக்கு இருக்குற மரியாதை பெரிய பெரிய லாயருங்க மேல கூட கெடையாது.

நீங்க வழக்கமா சொல்ற ரெண்டு பதிலையும் நானே சொல்லிடறேன். ஒண்ணு, நிறைய பேர் பொய் கிளெய்ம் போடுறாங்கன்றது. போடுறவங்க இருக்காங்க, நானே சில பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். பொய் கிளெய்முக்கு சட்டத்துல தண்டனை இருக்கு. ஆனா பொய்யைக் கண்டுபிடிக்க சிறந்த வழி உண்மையான ரெக்கார்ட்தானே? அடிபட்ட உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, அன்னைக்கே ரிப்போர்ட் பண்ணா, போட்டோ எடுத்து வெச்சா பொய் சொல்றவன் அங்கயே மாட்டிக்குவான். பொய்க்குப் பயந்து ரெக்கார்டே இல்லாம பண்றது பொய் சொல்றவனுக்குத்தான் உதவி.

இன்னொண்ணு, லாயருங்க காசுக்காக தூண்டி விடுறாங்கன்றது. இந்த ஊர்ல காயக் கேஸ்ல ஜெயிச்ச தொகையில இவ்வளவு விழுக்காடுன்னு பங்கு வாங்குறது எங்களுக்குத் தடை. 2022ல நிபந்தனைக் கட்டணம்னு ஒரு முறை கொண்டு வந்தாங்க, அதுவும் ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) மாதிரி பெரிய வியாபார வழக்குகளுக்குத்தான், இந்தக் கேஸுங்களுக்குக் கெடையாது. ஆள் வெச்சு கேஸ் புடிக்குற லாயர் யாராவது இருந்தா புகார் குடுங்க, எங்க தொழில்ல அதுக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு, நானும் உங்களோட நிப்பேன். அதைச் சாக்கா வெச்சு லாயர்கிட்டயே போகக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டாதீங்க.

ஒழுங்கா நடந்துக்குற கம்பெனியும் இருக்கு. ஜூரோங் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, சீன முதலாளி, வெல்டர் ஒருத்தர் கண்ணுல அடிபட்ட ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்லயே விடியுற வரைக்கும் உக்காந்திருந்தாரு. மறுநாள் ரிப்போர்ட் பண்ணிட்டாரு, கிரைண்டர்ல கார்ட் (பாதுகாப்பு மூடி) இல்லாம வேலை வாங்கினது எங்க தப்புன்னு எழுத்துலயே ஒத்துக்கிட்டாரு, எனக்குக் கேட்ட பேப்பர் எல்லாம் ரெண்டு நாள்ல வந்துருச்சு. கேஸ் கோர்ட்டுப் பக்கமே போகல. அந்த வெல்டர் இன்னைக்கும் அங்கதான் ஸ்டோர்கீப்பரா வேலை பாக்குறாரு. அவரோட கம்பெனி மூடிப் போகல, இன்சூரன்ஸ் பாலிசியும் போயிடல. முடியாதுன்னு என்கிட்ட யாரும் சொல்லாதீங்க.

இப்ப நான் கேக்குறது.

அப்படிப்பட்ட நோட்டீஸ் உங்க சைட்ல, டாம்ல, வாட்ஸ்அப் குரூப்ல எங்க இருந்தாலும் உடனே எடுங்க. எடுத்தா மட்டும் பத்தாது, அதே எடத்துல, அதே பாஷைகள்ல, டைரக்டர் கையெழுத்தோட வேற ஒண்ணு ஒட்டுங்க: அடிபட்டா யார் வேணும்னாலும் 995க்கு அடிக்கலாம், எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போகலாம், அமைச்சுக்கு ஊழியரே நேரா ரிப்போர்ட் பண்ணலாம், லாயரைப் பாக்கலாம், இதுக்காக யார் பர்மிட்டும் நிக்காது.

டாக்டர் ரூமுக்குள்ள சூப்பர்வைசரை அனுப்பாதீங்க. மொழிபெயர்ப்புக்கு ஆள் வேணும்னா ஊழியர் சொல்ற ஆளை அனுப்புங்க. அடிபட்டு ஒரு வாரத்துக்கு அவர்கிட்ட எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து வாங்காதீங்க, ஆஸ்பத்திரி கேக்குற ஒப்புதலைத் தவிர. வாங்கியே ஆகணும்னா அவர் பாஷையில எழுதி, ஒரு காப்பி அவர் கையில குடுங்க.

விபத்து நடந்த எடத்தை போட்டோவும் வீடியோவும் எடுத்து முடிக்காம வேலையைத் திரும்ப ஆரம்பிக்காதீங்க. ஏணி, ஹார்னஸ், மெஷின் எதுவா இருந்தாலும் கேஸ் முடியுற வரைக்கும் பூட்டி வைங்க. கேமரா ஃபுட்டேஜ் தானா அழிஞ்சு போச்சுன்னு சொல்றதை இனிமே நிறுத்துங்க, கேமராவை வெக்கச் சொன்னதே இதுக்காகத்தான். பக்கத்துல நின்னவங்க பேரை ரிப்போர்ட்லயே எழுதி, அவங்க பர்மிட்டை கேஸ் முடியுறதுக்குள்ள ரத்து பண்ணா ஏன்னு எழுத்துல காரணம் வைங்க.

கிளெய்ம் முடியுற வரைக்கும் சாப்பாடும் படுக்கையும் குடுங்க, அது தர்மம் இல்ல, பர்மிட் எடுக்கும்போது நீங்க ஏத்துக்கிட்ட நிபந்தனை. எம்சி சம்பளத்தை ஓட்டி சேத்த சராசரியில, மாசா மாசம், சம்பளத் தேதியிலயே போடுங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிகள்கிட்ட கேக்குறது ரெண்டு. விபத்து நடந்ததையே மறுக்குறதா இருந்தா, மறுக்குற காரணத்தையும் அதுக்கான ஆதாரத்தையும் ஊழியருக்கு எழுத்துல ஒரு மாசத்துக்குள்ள குடுங்க, அவர் கையில இல்லாத பேப்பரை வெச்சு அவரை மறுக்காதீங்க. பாயிண்ட் எத்தனைன்றதுல மட்டும் சண்டைன்னா, நீங்களே ஒத்துக்குற பாயிண்டுக்கு உண்டான பணத்தை உடனே குடுத்துட்டு மீதிக்கு சண்டை போடுங்க. அந்தப் பணம் வந்தா அவர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டிட்டு, மீதிக்கு நியாயமா வாதாட என்கிட்ட திரும்ப வருவாரு.

இந்த மடலை உங்க போர்டு மீட்டிங்ல தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை வெச்சு முழுசா வாசிக்கச் சொல்லுங்க. இதுல எதை ஏத்துக்குறீங்க, எதை ஏத்துக்க முடியாது, ஏன்னு உங்க இண்டஸ்ட்ரி சங்கங்கள் வழியா பகிரங்கமா எழுதுங்க. உங்க சேஃப்டி மேனேஜர்கள் யாராவது என்னோட உக்காந்து முதல் மூணு நாளுக்கு ஒரு ஒழுங்குமுறை எழுதணும்னு சொன்னா, நான் காசு வாங்காம வர்றேன், எந்த ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
உங்க ஊழியர்களுக்காக கோர்ட்ல நிக்குற ஒரு சிங்கப்பூர் வழக்கறிஞர்